வாளின் ஆயுளும் வாங்குவோர் பற்றும்

கொட்டியாரக் குடாவிலே 1660ஆம் ஆண்டில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலொன்று வந்து நங்கூரமிட்டு நின்றது. முந்திய ஆண்டு இறுதியில் மசூலிப்பட்டினக் கரையிலே வீசிய புயலில் அக்கப்பலின் பெரிய பாய்மரம் போய்விட்டது. புதிய பாய்மரம் நாட்டிக்கொள்ளும் நோக்கத்துடனேயே அது கொட்டியாரத்தை நாடிற்று. வந்த இடத்தில் கப்பல் தலைவரும் அவர் மகன் ரொபேட் நொக்சும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்து தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆயினும் அவர்களை இக்கரைக்கு இழுத்து வந்தது ஒரு மரத்தின் தேவை என்பதைப் பலர் நினைப்பதில்லை.

திருக்கோணமலைப் பகுதியின் பெயர் உலக மரச் சந்தையில் நெடுங்காலம் வழங்கியதுண்டு. சாவண்டலை என்று தமிழிலும் ஹல்மில்ல என்று சிங்களத்திலும் கூறப்படும் மரத்துக்கு ஆங்கில வணிகர் இட்ட பெயரே ‘திருக்கோணமலை மரம்’ என்பது. சென்னையிலே துறைமுகம் அமையாதிருந்த நாட்களில், அலைகளைத் தாண்டிக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் பொருளையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகுகளுக்கு இம்மரத்தின் பலகை பயன்பட்டது. வளையும், ஆனால் எளிதில் முறியாது என்பது அதன் சிறப்பு. சாவண்டலையோடு பாலை, முதிரை, கருங்காலி முதலிய வைர மரங்களும் இம்மாவட்டத்துக் காடுகளுக்கு உரியவை. துறைமுக நகரிலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தெற்கே மூதூரைக் கடந்து, வெருகலுக்கு முன்பாக இலங்கைத்துறைக் கரையை அடையும் வரையில் ஒரு புறம் கடலும் கழியும், மறுபுறம் வயலும் காடுமாகவே நிலம் அமைந்திருக்கிறது.

இத்தகைய நாட்டிலே மரம் அரிவோனுக்கு வாள் என்பது மீனவனுக்கு வலை எப்படியோ அப்படி. எனவே, ‘எந்த வாள் நெடுநாள் நிற்கும்?’ என்பது அவனுக்கு வீண் கேள்வியன்று. உழைத்த பணத்தை எங்கே முடக்குவது என்ற வாழ்க்கைக் கேள்வியாகும். அக்கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒரு கம்பனியின் பெயர். அந்த விடை எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கம் என்பதை ஆராய்வது பயனுடையது.

முன்னாளிற் கைவாளின் ஆயுளைக் கணக்கிடுவது எளிது. பெரிய அடிமரத்தைக் குழியின் மேல் ஏற்றி, ஒருவன் மேலே நின்றும் மற்றவன் குழிக்குள் நின்றும் நீண்ட வாளை இழுத்துப் பலகை அரிவர். அந்த வாளில் தேயும் பாகம் ஒன்றே, அது பல். அரத்தினால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் தகட்டின் அகலம் சிறிது குறையும். அகலம் மிகக் குறைந்த நாளே வாளின் இறுதி நாள். கைப்பிடி முறிந்தால் புதிது போடலாம். காம்பு மாற்றிய பின்பும் அப்பனின் கோடரி அப்பனின் கோடரியாகவே இருப்பது போல, அந்த வாளும் தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்றது. வாளைச் செய்தவன் பெயரை விட அதைத் தீட்டுபவன் பெயரே ஊரில் பெரிதாக இருந்தது.

சங்கிலி வாள் இக்கணக்கை மாற்றிவிட்டது. ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்னும் பொறியியலாளர் 1926ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளொன்றை அமைத்தார். உருக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலித்தாலும், ‘ஸ்டீல்’ என்பது அவருடைய குடும்பப் பெயரே. அடுத்த ஆண்டில், அந்நாட்டின் டொல்மார் மலைச் சாரலில் எமில் லெர்ப் என்பவர் பெற்றோல் வாளை இயக்கிக் காட்டினார். அம்மலையின் பெயரே அவ்வாளின் பெயராயிற்று. அக்கால வாள்கள் இருவர் சேர்ந்தே பிடிக்கத்தக்க பாரமுடையவை. ஒருவரே தனித்துக் கையாளத்தக்க பெற்றோல் வாளை ஸ்டீல் நிறுவனம் 1950இல் வெளியிட்டது. 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய சுவீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனம் 1959இல் சங்கிலி வாள் செய்யத் தலைப்பட்டது.

இயந்திரத்தை விடச் சங்கிலிக்கு நேர்ந்த திருத்தமே பெரிது எனலாம். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரம் வெட்டி வாழ்ந்த ஜோசப் கொக்ஸ் என்பவர், 1946ஆம் ஆண்டளவில், ஓர் அடிக்கட்டையைத் துளைத்துச் செல்லும் வண்டின் புழுவை உற்று நோக்கினார். அப்புழு நேரே குடையாமல், இடமும் வலமுமாகத் தன் அலகுகளால் மரத்தைச் செதுக்கிச் செல்வதைக் கண்டார். அம்முறையைப் பின்பற்றி இடப் பல்லும் வலப் பல்லும் மாறி மாறி அமைந்த சங்கிலியைச் செய்தார். இன்று உலகெங்கும் ஓடும் வாட்சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவிடம் கற்ற பாடத்தையே பின்பற்றுகின்றன.

இனி, வாளின் உட்புறத்தைப் பார்ப்போம். பெற்றோல் வாளில் உள்ளது இருவீச்சு இயந்திரம். மோட்டார்க் காரில் இருப்பது போல அதில் எண்ணெய்க்கென்று தனித் தேக்கம் இல்லை. பெற்றோலோடு கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனையும் சிலிண்டரையும் காக்கிறது. அச்சு ஒருமுறை சுழலும்போது ஒரு வெடிப்பு நிகழும். நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் வாளில் ஒரு மணி நேரத்தில் 6 இலட்சம் வெடிப்புகள் நிகழ்கின்றன. அவ்வாள் 2,000 மணி நேரம் உழைத்தால் 120 கோடி வெடிப்புகளைத் தாங்கியிருக்கும். இத்தனையையும் உள்ளங்கைக்குள் அடங்கத்தக்க ஒரு பிஸ்டன் தாங்குகிறது என்றால் அதன் காவல் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

தொழில் முறையில் மரம் வெட்டுவோரிடையே வழங்கும் மதிப்பீட்டின்படி, நல்ல தரமான வாளொன்று ஏறத்தாழ 1,500 முதல் 2,000 மணி நேரம் உழைக்கும். இதனை ஆண்டுக் கணக்காக்கிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் இயந்திரம் ஓட, ஆண்டுக்கு 200 நாள் வேலை நடந்தால் 800 மணி நேரமாகும். அப்படியானால் 2,000 மணி நேரம் என்பது இரண்டரை ஆண்டு. அதே வாளை வேலியோரப் பூவரசின் கிளை கழிக்கவும் விறகு அரியவும் ஆண்டுக்கு 20 மணி நேரம் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்காரரிடம் அது தலைமுறை கடந்தும் இருக்கலாம். ‘என் வாள் 20 வருடமாக ஓடுகிறது’ என்று ஒருவரும், ‘என் வாள் மூன்று வருடத்தில் முடிந்துவிட்டது’ என்று மற்றவரும் கூறும்போது, முதல்வரின் வாள் சிறந்தது என்று முடிவு செய்வது தவறு. வாளின் வயது ஆண்டிலன்று, மணியிலேயே இருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் சில வாள்களின் வில்லையில் 50, 125, 300 மணி என்ற எண்களுள் ஒன்று காணப்படுவதுண்டு. 300 மணி ஓடினால் வாள் செத்துவிடும் என்று அதற்குப் பொருளில்லை. அத்தனை மணி நேரத்துக்கு வாளின் புகை சட்டம் விதித்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

வாளைக் கொல்லும் காரணங்களில் முதலாவது கலவைப் பிழை. தற்கால வாள்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது அளவு. அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய். பழைய வாள்களுக்கு 25க்கு 1 என்ற அளவு கூறப்பட்டது. அதன்படி அதே 5 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் வேண்டும். கண்ணளவில் ஊற்றுபவரின் கையில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு உரசிக் கீறல் விழும். மிகுந்தால் கரி படிந்து புகைவழி அடைபடும். மோட்டார்க் கார் எண்ணெயை ஊற்றுவது இன்னொரு பிழை. இருவீச்சு இயந்திரத்துக்கென்று செய்த எண்ணெயே எரிந்து கழியத்தக்கது.

இரண்டாவது காரணம் காற்று வடிகட்டியின் அழுக்கு. கிழக்கிலே கச்சான் காற்று வீசும் வெப்ப மாதங்களில் புழுதியும் மரத்தூளும் வாளைச் சூழ்கின்றன. வடிகட்டி அடைபட்டால் இயந்திரம் மூச்சுத் திணறும். வடிகட்டி கிழிந்திருந்தால் புழுதி உட்சென்று சிலிண்டரை அரத்தைப் போலத் தேய்க்கும். மாலையில் வேலை முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றித் தட்டித் துடைக்கும் ஐந்து நிமிடம், வாளின் ஆயுளில் பல நாட்களைச் சேர்க்கும்.

மூன்றாவது காரணம் மழுங்கிய பல். இதுவே பலர் உணராத காரணம். கூரான சங்கிலி தானாகவே மரத்துள் இறங்கும். சீவல் சீவலாகத் துகள் விழும். மழுங்கிய சங்கிலியிலிருந்து மாவு போன்ற தூள் பறக்கும். அப்போது வேலையாள் வாளை அழுத்துகிறான். அழுத்தத் தகடு சூடேறுகிறது. கிளச் நழுவி எரிகிறது. இயந்திரம் மிகைச் சுமையில் கொதிக்கிறது. பாலையும் முதிரையும் போன்ற மரங்களில் இது விரைவில் நேரும். தண்ணீரிலிட்டால் மிதக்காத அளவு கனமுடைய பாலை மரத்தை அரியும்போது, ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும் வேளையிலும் பல்லைப் பார்ப்பது நல்லது. பல்லின் முன்னே நிற்கும் சிறு மேடும் ஆழத்தை அளக்கும் ஓர் உறுப்பே. பல் தேயத் தேய அதனையும் அளவறிந்து அராவ வேண்டும். அளவு மீறி அராவினால் வாள் துள்ளும். மண்ணிலே கிடக்கும் அடிமரத்தை அரிகையில் சங்கிலி ஒரு கணம் மணலைத் தொட்டாலும் ஒரு நாளைய கூர் போய்விடும்.

மரத்துக்குள்ளே மறைந்திருக்கும் இரும்பும் வாளுக்குப் பகை. வேலிக்கம்பியும் ஆணியும் எங்கும் உள்ளவை. ஐரோப்பாவிலே உலகப் போர்கள் நடந்த காட்டுப் பகுதிகளில், மரத்தினுள் புதைந்த குண்டுச் சிதறல்கள் நெடுங்காலத்துக்குப் பின்னும் மர ஆலை வாள்களை முறித்திருக்கின்றன. 1983 முதல் 2009 வரை போர் கண்ட வடக்கு கிழக்கிலும் முதிர்ந்த மரத்தை அரியும் முன் அதன் பட்டையிலுள்ள பழைய தழும்புகளை நோக்குவது அறிவுடைமை.

நான்காவது காரணம் ஓய்வு. இது வியப்பாகத் தோன்றலாம். மாரி தொடங்கிக் காட்டுப் பாதைகள் சேறாகும்போது வாள் வீட்டு மூலையிற் கிடக்கிறது. தொட்டியில் விட்ட பெற்றோல் நாட்பட்டுப் பிசினாகிக் காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைக்கிறது. கடற்காற்றின் உப்பு சங்கிலியிலும் பற்சக்கரத்திலும் துருவேற்றுகிறது. எரிபொருளை வடித்து, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு, சங்கிலியை எண்ணெயில் நனைத்து வைத்தால் தை பிறந்து வேலை தொடங்கும்போது வாளும் உடன் தொடங்கும்.

இக்காரணங்கள் நான்கிலும் கம்பனியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் பெயர்ப் பற்று உலகெங்கும் உண்டு. சுவீடனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மரவெட்டிகள் ஸ்டீல் கட்சி, ஹஸ்க்வர்னா கட்சி என்று பிரிந்து வாதாடுவர். ‘தம்பி, எங்கள் ஐயா பிடித்தது இந்த வாள், நானும் இதைத்தான் பிடிக்கிறேன், நீயும் வேறு எதையும் பாராதே’ என்று மூத்த தொழிலாளி இளையவனுக்குக் கூறுவது எந்த நாட்டுக்கும் பொருந்தும் உரையாடலே.

இப்பற்றை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கை ஒரு வாளின் பாரத்துக்கும் பிடிக்கும் ஓசைக்கும் பழகிவிட்டால், பிழை நேரும் முன்பே காது அதை அறியும். ஒரே கம்பனியின் இரண்டு வாள் வைத்திருப்பவர், ஒன்று பழுதானால் அதன் பாகத்தை மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து நகரில் அந்த வாளின் உட்புறம் அறிந்த திருத்துநரும், உதிரிப்பாகம் விற்கும் கடையும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. சங்கிலி தேயும், தகடு தேயும், இரண்டு சங்கிலி தேய்வதற்குள் பற்சக்கரமும் தேயும். பிஸ்டன் வளையம் கிடைக்கும் ஊரில் 1,500 மணி வாள் 2,500 மணி ஓடும். கிடைக்காத ஊரில் உலகின் மிகச் சிறந்த வாளும் ஒரு சிறு இறப்பர்க் குழாய் வெடித்ததனால் மூலையில் முடங்கும். எனவே, பெயர்ப் பற்று என்று தோன்றுவது பல வேளைகளில் திருத்துநர் ஒருவரின் மேல் வைத்த நம்பிக்கையே ஆகும்.

பெயர் மட்டும் நிலையானதன்று என்பதற்கு டொல்மாரே சான்று. 1927இன் மலைச் சாரலில் பிறந்த அந்நிறுவனத்தை 1991இல் யப்பானின் மகீற்றா நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்நிறுவனமும் 2022இல் பெற்றோல் இயந்திர உற்பத்தியை நிறுத்தி, மின்கல வாள்களின் பக்கம் முழுமையாகத் திரும்பிவிட்டது. புகழ்பெற்ற பெயரைத் தாங்கிய போலிகளும் சந்தையில் உண்டு. ஸ்டீல் நிறுவனத்தின் ‘070’ என்னும் பழைய கனரக வாள், 106 கன சென்ரிமீற்றர் இயந்திரமுடையது. வெப்ப நாட்டு வைர மரங்களுக்கு ஏற்றதென்று பெயர் பெற்றது. அப்புகழின் காரணமாகவே அதைப் போன்ற தோற்றமுடைய போலிகள் ஆசிய நாடுகளில் மிகுதியாக விற்கப்படுகின்றன. வெளியுறையின் நிறம் ஒன்றாயினும் உள்ளேயுள்ள உலோகம் ஒன்றாவதில்லை.

பழைய வாளின் மேலுள்ள பற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. தகட்டு நுனியின் மேற்பாகம் எதன் மீதாவது பட்டால் வாள் கண்ணிமைக்கும் முன் பின்னோக்கி எகிறி, பிடித்தவனின் முகத்தையோ கழுத்தையோ தாக்கும். அவ்வேளையில் சங்கிலியை நிறுத்தும் தடை 1970களின் தொடக்கத்திலேயே வாள்களில் அமையலாயிற்று. அதற்கு முற்பட்ட அமைப்புடைய வாள்களில் அக்காவல் இல்லை. அதிர்வும் அத்தகையதே. 1960களில் யப்பானிலும் சுவீடனிலும் மரவெட்டிகளின் விரல்கள் இரத்தவோட்டம் குன்றி வெளுத்துப்போவது பெருந் துன்பமாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னரே கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் இறப்பரும் சுருளும் பரவலாயின. வெப்ப நாட்டில் விரல் வெளுக்காமலிருக்கலாம். ஆனால் இரவிலே கை மரத்துப்போவதும் கூசுவதும் அதே நோயின் அறிகுறிகளாகலாம். இறப்பர் நைந்த வாள், ‘இன்னும் ஓடுகிறது’ என்பதற்காக நல்ல வாளாகிவிடாது. வாள் நெடுநாள் வாழ்ந்து அதைப் பிடித்த கை முன்னதாகக் கெடுமாயின் அவ்வாயுளால் யாருக்குப் பயன்?

வாளின் உண்மைத் தரம் வெளிப்படும் நாளொன்று உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வடகிழக்குக் கரையைத் தாக்கித் தனுஷ்கோடியையும் அழித்த புயலும், 2020 டிசம்பர் 2ஆம் நாள் திருக்கோணமலைக்கு வடக்கே கரையேறிய ‘புரெவி’ புயலும் இப்பகுதி அறிந்தவை. புயல் ஓய்ந்த காலையில், வீதிக்குக் குறுக்கே வீழ்ந்த மரத்துக்கு அப்பால் நோயாளி காத்திருக்கும்போது, யாரும் வாளின் பெயரைக் கேட்பதில்லை. கயிற்றை இழுத்ததும் எந்த வாள் உயிர்க்கிறது என்பதே கேள்வி. மாரிக்கு முன் வடிகட்டி துடைத்து, பல் தீட்டி, புதுக் கலவை ஊற்றி வைத்தவரின் வாளே அன்று ஊருக்கு உதவும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழிக்கு அந்தக் காலை நல்ல விளக்கமாகும்.

மரத்தின் ஆயுளையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டில் தேயும் வாளுக்குப் பதில் வேறு வாள் வாங்கலாம். அவ்வாள் சில நிமிடங்களில் வீழ்த்தும் முதிர்ந்த பாலைக்குப் பதில் பாலை வர மூன்று தலைமுறையும் போதாமலிருக்கலாம். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுத்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 2019இல் சங்கிலி வாள் வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்யவேண்டும் என்று அரசு பணித்தது. ஆகவே, வாளை வாங்க எண்ணுபவர் விலையைக் கேட்பதோடு, அதற்குரிய பதிவையும் அனுமதியையும் உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். சட்டத்துக்குப் புறம்பாக ஓடும் வாளின் ஆயுள், அது பறிமுதலாகும் நாள் வரைதான்.

சுருக்கமாகக் கூறின், வாங்குவோர் கடையிலே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இதன் சங்கிலியும் தகடும் பிஸ்டன் வளையமும் திருக்கோணமலையிலோ அண்மையிலுள்ள நகரிலோ கிடைக்குமா? இதைத் திருத்த அறிந்தவர் யார்? சங்கிலித் தடையும் அதிர்வு தாங்கியும் செவ்வையாக இயங்குகின்றனவா? ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் இதனிடம் வேலை வாங்கப்போகிறோம்? இந்நான்குக்கும் நல்ல விடை தரும் வாள் எந்த நிறத்ததாயினும் நல்ல வாளே. அதன் பின்னர் அதன் ஆயுளை நீட்டுவது ஜெர்மனியோ சுவீடனோ அன்று. மாலையில் அரத்தை எடுத்துக்கொண்டு அடிக்கட்டையின் மேல் அமரும் மனிதனின் பொறுமையே. குழிவாள் இழுத்த முன்னோர் அறிந்திருந்த உண்மையும் இதுவே.